வெளிநடப்பின் விலை

“நீர் கையைத் தூக்க வேண்டாம், தங்கச்சி. எழும்பி வெளியில போனாலே காணும்.”

சச்சிதானந்தன் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். சிவாஜினி மூன்றாவது சமோசாவை எடுத்தாள்.

சிட்னியின் மேற்குப் பக்கத்து நகரசபை ஒன்றின் குசினி அது. கூட்டத்துக்கு முன் உறுப்பினர்களுக்கு அங்கேதான் சாப்பாடு. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். கூட்டம் தொடங்க இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

சபையில் பதினைந்து பேர். ஆளுங்கட்சிக்கு மேயரோடு சேர்த்து ஏழு, எதிர்க்கட்சிக்கு ஏழு. எந்தப் பக்கமும் சேராத பதினைந்தாவது ஆள் சிவாஜினி. சச்சிதானந்தன் துணை மேயர். அறுபத்திரண்டு வயதில், சமோசாத் தட்டு ஒன்றின் முன்னால் பசியில்லாமல் நிற்பது அவருக்கு இதுதான் முதல் தடவை.

இன்றைய தீர்மானம் ஒரு வரிதான்: சபை கடன் வாங்கக்கூடிய எல்லையை உயர்த்துவது. பழைய எல்லை முட்டிவிட்டது. உயர்த்தாவிட்டால் வியாழக்கிழமை அறுநூறு ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. மேயரை மண்டியிட வைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று எதிர்க்கட்சி அதைக் கடைசி நாள் வரை இழுத்துக்கொண்டு வந்திருந்தது.

“நீர் வெளியில போனால் ஏழுக்கு ஏழு. சமனா வந்தால் மேயருக்கு இன்னொரு வாக்கு இருக்கு. அலுவல் முடிஞ்சுது,” என்றார் சச்சிதானந்தன்.

“உள்ளுக்க இருந்து எதிர்த்துக் கை தூக்கினால்?”

“எட்டுக்கு ஏழு. தோத்துப்போவம். குப்பை எடுக்கிறவை, புல்லு வெட்டுறவை, நூலகத்தில நிக்கிற பிள்ளையள், ஒருத்தருக்கும் சம்பளமில்லை. நான் வேற அவையளிட்டப் போய், ‘பயப்பிடாதேங்கோ, காசு வரும்’ எண்டு வாக்குக் குடுத்திட்டு வந்து நிக்கிறன்.”

“எங்களைக் கேக்காமல் ஏன் அண்ணை குடுத்தனீங்கள்?”

“துணை மேயர் ஐயா எண்டு ஒருத்தன் கூப்பிட்டான். நெஞ்சு நிமிர்ந்திட்டுது. வாய் தன்ரபாட்டில திறந்திட்டுது.”

சிவாஜினி சிரிப்பைச் சட்னியோடு சேர்த்து விழுங்கினாள்.

“அதுக்காக, சும்மா எழும்பிப் போகச் சொல்லுறியளோ?”

“சும்மா இல்லாட்டி?”

“பள்ளிக்கூட வாசலுக்கு ஒரு மஞ்சள் கடவை. மூண்டு வருசமாக் கேக்கிறன்.”

இந்த ஊரில் வீதியைக் கடக்கும் அந்தக் கோடுகள் வெள்ளை. இலங்கையில் அவை மஞ்சள்; அங்கிருந்து வந்து முப்பது வருடமானாலும் எங்கள் ஆட்களின் வாயில் அது மஞ்சள்தான்.

“அது போக்குவரத்துக் குழுவில கிடக்கு, பிள்ளை.”

“போன கிழமை ஒரு சின்னப் பிள்ளையின்ர ஸ்கூட்டருக்கு மேலால வேன் ஏறினது. பிள்ளை எட்டிக் குதிச்சுத் தப்பினது. மற்றப் பிள்ளையளும் குதிக்கப் பழகட்டும் எண்டு குழு பாத்துக்கொண்டிருக்குதோ?”

சச்சிதானந்தன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சரி. வாற வருசத் திட்டத்தில போடுவம்.”

“வாற வருசமோ? அப்ப சம்பளத்தையும் வாற வருசம் குடுங்கோவன்.”

“இது சபை, தங்கச்சி. மீன் சந்தையில்லை.”

“சந்தையெண்டால் இவ்வளவு நேரம் எடுக்காது, அண்ணை.”

அவர் தொலைபேசியோடு வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால் அவருடைய வாய் அசைந்தது, கை ஆடியது, தலை பலமுறை குனிந்தது. திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

“மேயர் செப்டெம்பர் எண்டுறார்.”

“ஜூலையில லீவு முடிஞ்சு பிள்ளையள் வருகினம்.”

மறுபடியும் போனார். மறுபடியும் வந்தார்.

“ஜூலை. மாநில அரசு வீதிக்கெண்டு தந்த காசு கொஞ்சம் கிடக்குதாம். அதைச் சம்பளத்துக்குத் தொடேலாது, கோடு கீறலாம். இப்ப சந்தோசமோ?”

“கடிதமாத் தரச் சொல்லுங்கோ. மேயரின்ர கையெழுத்தோட.”

“என்ர வாயில நம்பிக்கை இல்லையோ?”

“தன்ரபாட்டில திறக்கிற வாய் எண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள்.”

கூட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கையில் கடிதம் வந்தது. அச்சு இயந்திரத்தின் சூடு இன்னும் ஆறவில்லை. சிவாஜினி அதை இரண்டு தடவை வாசித்தாள். திகதியையும் கையெழுத்தையும் பார்த்தாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

“இப்ப வெளியில போவீர்தானே?” சச்சிதானந்தனின் குரல் தேய்ந்திருந்தது. “அறுநூறு குடும்பம், பிள்ளை.”

“சத்தியமாப் போவன், அண்ணை. நீங்கள் முதல்ல ஒரு சமோசா சாப்பிடுங்கோ.”

அவர் இரண்டு சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போய், ஒரு நகரத்தையே காப்பாற்றியவரின் களையோடு தன் ஆசனத்தில் சாய்ந்தார்.

கூட்டம் தொடங்கியது. விவாதத்துக்குப் போகுமுன், இன்றைய விடயங்களில் எந்த உறுப்பினருக்காவது சொந்த நலன் உண்டா என்று அறிவிப்பது அங்கே வழமை. செயலாளரிடம் ஒரேயொரு படிவம்தான் இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

“போன செவ்வாய்க்கிழமை உறுப்பினர் சிவாஜினி கையளித்தது: ‘என் கணவர் இந்த மாதம் நமது சபையின் பூங்காப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். வியாழக்கிழமை அவருக்கு முதல் சம்பளம். ஆகவே சட்டப்படி, கடன் எல்லை பற்றிய வாக்கெடுப்பு முடியும்வரை நான் மண்டபத்துக்கு வெளியேதான் இருக்கவேண்டும்.’”