பெட்ரோல் குறையாத பதினாலு

“பதினாலு கிலோமீட்டர் ஏறியிருக்கு பாய். பெட்ரோல் மட்டும் சொட்டுக் குறையல. எப்படி?”

புகழேந்தி மொபெட்டின் மீட்டரைத் தட்டிக் காட்டினான். காலையில் சர்வீசுக்கு விட்ட வண்டி. போன மாசமும் இதே கதை.

மெக்கானிக் கவுஸ் பாஷா கை துடைக்கத் துணி தேடினார். “மீட்டர் கோளாறா இருக்கும் சார்.”

“அதையும் பாத்துடறேன்.”

பார்த்தான். செங்கம் ரோட்டில் செல்போனை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு ஓட்டினான். வண்டி நாற்பது காட்டினால் செல்போனும் நாற்பது. பத்து கிலோமீட்டருக்குப் பத்து. இம்மி பிசகவில்லை.

அப்படியென்றால் பாய் புளுகுகிறார். வண்டியை வாடகைக்கு விட்டுவிட்டு, பெட்ரோலை ஊற்றிச் சரிக்கட்டுகிறார். ஆபீசில் அத்தனை பேர் வண்டியும் அந்தக் கடைக்குத்தான் போகிறது. கையும் களவுமாகப் பிடித்தால் போதும், கடை காலி.

பதினாலு என்றால் என்னவென்று திருவண்ணாமலைக்காரனுக்குச் சொல்ல வேண்டுமா? மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையின் நீளம். அடுத்த மாசம் வண்டியைக் கடையில் விட்டான், லீவு போட்டான், அந்தப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

வண்டி வந்தது. சத்தமே இல்லை.

இன்ஜின் ஓடவில்லை. பாஷா தள்ளிக்கொண்டு வந்தார். காலில் செருப்பில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சீட்டில், மலையைப் பார்த்துக் கை கூப்பியபடி, புகழேந்தியின் அம்மா ஆராயி.

அவனுக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை.

“ஏறி ஓட்டேன்பா பாஷா. கால் கொப்பளிச்சுடப் போவுது.”

“மூணு சுத்து நடந்து வர்றேன்னுதானேம்மா வேண்டிக்கிட்டீங்க? உங்க முட்டி முடியாதுன்னுடுச்சு. என் கால் நல்லாத்தான் இருக்கு. பேசாம மலையைப் பாருங்க.”

புகழேந்தி எதிரே போய் நின்றான். அம்மா பதறிப் போனாள்.

“பாஷாவை ஒண்ணும் சொல்லாதடா. நீ ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்காம கெடந்தப்ப வேண்டிக்கிட்டது. உன்னையுந்தான் கூப்பிட்டேன். ஆட்டோ வச்சிக்கினு போன்னுட்ட.”

புகழேந்தி பாஷா பக்கம் திரும்பினான். “உங்க கடையில எத்தனையோ வண்டி நிக்குது. ஏன் பாய், என் வண்டி?”

பாஷா தலையைச் சொறிந்தார்.

“நானும் சொல்லிப் பாத்தேன் சார். வேற வண்டியில உக்கார மாட்டேன்னுட்டாங்க. இதுல வந்தாத்தான், மகன் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்காம்.”