மச்சினன் படுத்த சோபா

"கொக்கியை மேல தூக்குங்க மாமா. இழுத்தா துணி கிழிஞ்சிடும்."

மச்சினன் தரையில் மல்லாந்து, தலையை 'எல்' வடிவச் சோபாவுக்கு அடியில் விட்டிருந்தான். விடிந்தால் வீடு மாற்றம். போகிற வீட்டு வாசலில் இந்தச் சோபா நுழையாதாம். கழற்றி யாருக்காவது கொடுத்துவிடப் போகிறார்கள்.

"ஒரே ரூம்டா தம்பி. நாங்களே சுவரோட ஒட்டிக்கிட்டுதான் படுக்கணும்" என்று அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

வேலை கிடைக்கும்வரை தங்குகிறேன் என்று வந்தவன். வேலை கிடைத்து, சம்பளமும் உயர்ந்து, சோபாவின் நீளப் பக்கத்தில் அவன் முதுகுக்கென்றே ஒரு பள்ளமும் விழுந்துவிட்டது. ஆனாலும் தங்கமான பிள்ளை. படுத்த இடத்தைத் தானே கழற்றிக்கொண்டிருந்தான்.

சோபாவின் கால்கள் துருப்பிடித்து அசைய மறுத்தன. ஸ்பேனர் வாங்கப் போனவன் வெகுநேரம் கழித்துத்தான் வந்தான்.

"கடை பூட்டியிருக்கு மாமா. மாடியில ஹவுஸ் ஓனர்கிட்ட வாங்கிட்டு வந்தேன். என்ன மனுஷன்! உட்கார வச்சுப் பேசினாரு."

மாமாவின் கையிலிருந்த திண்டு நழுவிக் காலில் விழுந்தது. "எ... என்ன பேசினாரு?"

"சும்மா, பொதுவா."

சோபா மூன்று துண்டாகிச் சுவரோரம் நின்றதும் மச்சினன் பையைத் தோளில் மாட்டினான்.

"என்னைப் பத்திக் கவலைப்படாதேக்கா. நான் ஒரு இடம் பாத்துட்டேன். ஸ்பேனரைக் குடுத்துட்டு அப்படியே கிளம்புறேன்."

அவன் போனதும் அக்கா நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தாழ்ப்பாள் போட்டாள். பிறகு இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வீடாவது, மாற்றமாவது! கூடப் பிறந்தவனைப் 'போடா' என்று சொல்ல அக்காவுக்கு மனசு வரவில்லை. தான் சொன்னால் அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாளோ என்று மாமாவுக்குப் பயம். பாம்பும் நோகாமல், பாம்படித்த கோலும் நோகாமல் இருவரும் போட்ட திட்டம் இது.

"நம்ம சோபாவுல நாம சாஞ்சு எத்தனை நாளாச்சு!" என்றபடி மாமா துண்டுகளைச் சேர்த்துக் கொக்கிகளை மாட்டினார். ஸ்பேனர் இல்லாததால் கால்களைக் கையாலேயே முறுக்கினார். அக்கா அந்தப் பள்ளத்தில் ஒரு தலையணையை வைத்து நிரப்பினாள்.

இருவரும் காலை நீட்டிச் சாய்ந்தார்கள். அப்பாடா!

அழைப்பு மணி அடித்தது.

திறந்தால், தோளில் அதே பையோடு மச்சினன். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் பார்வை, அவர்களைத் தாண்டி முழுசாக நின்ற சோபாவில் விழுந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"எனக்காகவா மாமா மறுபடி மாட்டினீங்க? நீங்க காலி பண்றீங்கன்னு நான் சொன்னதுமே ஓனர் இந்த வீட்டை எனக்கே வாடகைக்குக் குடுத்துட்டாரு. அதுக்குள்ள உங்ககிட்ட சொல்லிட்டாரா?"