கை எட்டாத சாபம்

விளாத்திகுளத்துக்குக் கிழக்கே, கரிசல் நடுவே நிற்கிற காளி கோயிலில், மாடத்தி ஒன்பது மிளகாய் வற்றலை அரைத்து முடித்து உட்கார்ந்திருக்கிறாள். அம்மன் முகத்தில் அதைப் பூசி, கெடுத்தவள் பேரைச் சொன்னால் போதும். மிச்சத்தை அம்மன் பார்த்துக்கொள்வாள். மாடத்தி சொல்லப்போகிற பேர் பாலம்மாள், அவளுடைய ஓரகத்தி. அவள் ஆக்கிப்போட்ட கறிச்சோற்றைத் தின்ற மறுவாரம்தான் மாடத்தியின் இமைகள் கத்தரிப்பூ நிறத்தில் வீங்கின. விரல் முட்டிகளில் செதில் படர்ந்தது. தலை சீவக் கை எழவில்லை, குந்தினால் எழ முடியவில்லை. சோற்றில் மருந்து வைத்திருக்கிறாள் பாதகத்தி! "யாரும் எதுவும் வைக்கலம்மா. ஒடம்பக் காக்கிற சக்தியே ஒன் தசையையும் தோலையும் எதிரின்னு நெனச்சு அடிக்குது. ஏன்னு திட்டமாச் சொல்ல முடியாது" என்றார் கோவில்பட்டி டாக்டர். அவரால் முடியாது. மாடத்தியால் முடியும். சிவந்த உள்ளங்கை அம்மனை நோக்கிப் போகிறது. நெஞ்சளவுக்கு மேல் ஏறவில்லை. மறுபடி தூக்குகிறாள். மிளகாய்ச் சாறு மணிக்கட்டில் வடிகிறது. பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் முழங்கையைத் தாங்குகிறது. வளையல் சத்தத்திலேயே ஆள் தெரிகிறது. "ஏட்டி, எம் பேரத்தான சொல்லப் போற? சொல்லித் தொலை. கைய நான் தூக்குதேன்" என்கிறாள் பாலம்மாள். கை ஏறுகிறது. கல்முகம் சிவக்கிறது. "பாலம்மா வெளங்காமப் போவணும்!" மாடத்தி கத்துகிறாள். பிடித்த கை தளரவில்லை. "முடிஞ்சுதா? எந்திரி, டாக்டர் வரச் சொன்ன நாளு. கோவில்பட்டி பஸ் வந்துரும்." பாலம்மாள் குனிந்து இடுப்பைப் பிடிக்கிறாள். மாடத்தி மிளகாய்க் கையைத் துடைக்காமலே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுகிறாள். எரியட்டும்.