செத்தார்னு எழுதுங்க

"என் புருஷன் ஓடிப்போனவரா? எழுதினவன் எவன்? அவன் கையை முறிக்காம விடமாட்டேன்!"

திர்சா ட்ராஸ்க் மேஜையில் ஓங்கி அறைந்ததில் கேப்டன் ஸ்டெபின்ஸின் மைக்கூடு கவிழ்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஆறு வருஷமாகியும் ஒஹாயோவின் அந்தச் சின்ன ஊரில் இறந்த சிப்பாய்களுக்குக் கல் நட்டுத் தீரவில்லை. அந்த வேலைக்காகத்தான் கேப்டன் வெளியூரிலிருந்து வந்திருந்தார்.

"கத்தாதீங்கம்மா. பட்டாளத்துப் பதிவேட்டுல அப்படித்தான் இருக்கு. லெமுவேல் ட்ராஸ்க், அறுபத்து நாலாம் வருஷம் மே மாசம், காவல் இடத்தை விட்டு ஓடிட்டார்னு. ஓடினவருக்குக் கல் கிடையாது."

"அவரைப் பட்டாளத்துக்குக் கூட்டிட்டுப் போன நாள்லேருந்து ஒத்தையா ஏர் பிடிக்கிறேன். பனியில உழுது கை வெடிச்சுப் போச்சு. அப்ப எட்டிப் பார்க்க ஒருத்தருமில்ல, இப்ப தப்பா எழுத மட்டும் தெரியுதா?"

கேப்டனுக்கு மனசு இளகிவிட்டது. துணியால் மையைத் துடைத்தபடி சொன்னார்: "ஒண்ணு செய்யறேன். 'ஓடிட்டார்'ங்கறதை அடிச்சுட்டு 'காணாமல் போனார்'னு மாத்தச் சொல்றேன். உங்களுக்கும் கௌரவமா இருக்கும்."

"கௌரவத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க! செத்தார்னு எழுதுங்க. தேதி போட்டு எழுதுங்க!"

"அதுக்குச் சாட்சி வேணுமேம்மா."

கதவோரம் நின்றிருந்த ஓரின் ஃபிட்ச் கட்டைக்காலை ஊன்றி முன்னால் வந்தான். லெமுவேலோடு ஒரே படையில் இருந்தவன். பைபிளின் மேல் கை வைத்தபோது அவன் தாடை இறுகியிருந்தது.

"ஆத்தோரம் காவலுக்கு நாங்க ரெண்டே பேர். எதிரி சுட ஆரம்பிச்சதும் அவன் தண்ணிக்குள்ள முங்கினான். அதுக்கப்புறம் எங்க ஆளுங்க யாருமே அவனைப் பார்க்கல. எனக்குக் கால் போச்சு."

"அப்ப, இறந்துட்டார்ங்கறீங்க?"

"எங்களைப் பொறுத்தவரைக்கும் அன்னைக்கே செத்துட்டான், கேப்டன்."

கேப்டன் பேனாவை எடுத்தார்.

அந்த வசந்தத்திலேயே கல் நட்டார்கள். கீழே சடலம் இல்லாவிட்டாலும் மரியாதையில் குறை வைக்கவில்லை. துப்பாக்கிகள் வானத்தைப் பார்த்து வெடித்தன, போதகர் ஜெபித்தார், பெண்கள் முந்திக்கொண்டு அழுதார்கள். திர்சா மட்டும் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கல்லில் வெட்டியிருந்த பெயரையும் தேதியையும் எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தாள்.

"இப்படி ஒரு பொண்டாட்டி கிடைக்க அந்த மனுஷன் கொடுத்து வச்சிருக்கணும்" என்றார் கேப்டன். ஓரின் தரையில் காறித் துப்பினான்.

அறுவடை முடிந்த ஒரு காலையில், திர்சா சோளக் கதிர்களைக் களஞ்சியத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. புதுத் தொப்பியும் பளபளக்கும் பூட்ஸுமாக ஒருவன் குதித்து இறங்கினான். பின்னாலேயே ஒரு பருத்த மனிதர், கையில் பத்திரத்தோடு.

"என்ன திர்சா, முறைக்கிறே? போன குளிர்காலத்துல திருட்டுத்தனமா வந்தப்பவே சொன்னேனே, அறுவடை ஆனதும் என் நிலத்தை வித்துடுவேன்னு. வாங்குறவர் இவர்தான். என்னை நம்பி அங்க ஒருத்தி ரெண்டு குழந்தைகளோட இருக்காளே, என்ன செய்யறது? நீ இன்னைக்கே காலி பண்ணிடு. பத்திரத்தை நீட்டுங்க சார், நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

திர்சா கதிர்க்கட்டைக் கீழே வைத்தாள். கையிலிருந்த தூசியை நிதானமாகத் தட்டினாள். அவனைப் பார்க்கவேயில்லை, பருத்த மனிதரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"செத்தவன் கையெழுத்து செல்லாது, சார்."