வெறும் மாடல்

லேப்டாப் திரையில் அந்தப் பச்சை விளக்கின் மேல் வைத்த விரலை அவள் எடுக்கவில்லை.

எதிரே மூன்று பேர். அடுப்பும் மிக்ஸியும் செய்து விற்கிற கம்பெனிக்காரர்கள். டிசைன் படிப்பை முடித்த இந்த ஐந்து மாதத்தில், சென்னையில் அவளுக்கு இது நாலாவது நேர்காணல்.

படத்தில் இருந்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. சமையலறைச் சுவரில் மாட்டுவது. கேஸ் கசிந்தால் சிவப்பு எரிந்து கூவும். கசியாதவரை பச்சை.

கடைசி வருஷம் முழுக்க அதைத்தான் இழைத்தாள். மூலைகளை, தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி மழுக்கினாள். பச்சைக்கு மட்டும் ஆறு வாரம். நாற்பது வீட்டுச் சமையலறைகளுக்குள் போய், நாற்பது பெண்களிடம் ஏழு பச்சைகளைக் காட்டி, எதைப் பார்த்தால் மனசு நிம்மதியாகிறது என்று கேட்டாள்.

முப்பத்திரண்டு பேர் ஒரே பச்சையைத் தொட்டார்கள்.

"உள்ள என்னம்மா வெச்சிருக்க?" நடுவில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். இது வெறும் மாடல். ஒரு பல்பு, ஒரு சார்ஜர் வயர், அவ்வளவுதான். பார்வைக்கு."

"பார்த்தா நம்பத் தோணுதே!"

அவளுக்குக் காது வரை சூடேறியது. அவள் படிப்பில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

"எங்க வீட்டம்மா பார்த்தா, உள்ள ஒண்ணும் இல்லேன்னாலும் வாங்கிடுவாங்க."

"அப்படித்தான சார் உங்களையும் கட்டிக்கிட்டாங்க," என்றாள் ஓரத்தில் இருந்த மேடம்.

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"கையோட கொண்டு வந்திருக்கலாமே. எங்க இருக்கு?"

"கோபியில, எங்க வீட்ல சார். ஹாஸ்டலைக் காலி பண்ணப்ப அட்டைப்பெட்டியில போட்டு அனுப்பிட்டேன்."

"போன் போடு. அம்மாவ அதைக் கையில வெச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. அளவு தெரியட்டும்."

வேலை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள்.

"அம்மிணி! வேலை குடுத்துட்டாங்களா?"

மறுபடியும் சிரிப்பு. அந்தப் பக்கம் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் குரல் மூக்கடைத்துக் கிடந்தது.

"அம்மா, நான் அனுப்புன அட்டைப்பெட்டிக்குள்ள வெள்ளையா ஒரு டப்பா இருக்கும். அதை எடு."

"பெட்டிக்குள்ள ஏது? உங்கப்பா அன்னைக்கே ஆணியடிச்சு அடுப்புக்கு மேல மாட்டிட்டாரே. ராத்திரி பகல்னு இல்லாம ஜம்முனு எரியுது."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

அப்பா பெட்டியைப் பிரித்த அன்றைக்குப் போனில் கேட்டது ஞாபகம் வந்தது. இதுதான் நீ செஞ்ச கேஸ் மிஷினா அம்மிணி? அது மாடல்ப்பா. அதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. கல்லூரியில் அதற்கு மேல் சொல்லத் தேவையிருந்ததில்லை.

"நல்ல வேளை மாட்டுனாரு," அம்மா பேசிக்கொண்டே போனாள். "இப்பத்தான் பக்கத்து வூட்டுத் தெய்வானை எட்டிப் பார்த்து, கேஸ் நாத்தம் அடிக்குதுக்கான்னு சொல்றா. சாரலடிக்குதுன்னு சன்னலெல்லாம் சாத்திக் கெடக்குது. எனக்குத்தான் நாலு நாளா மூக்கே வேலை செய்யலையே. அடிப்போடி, எம்பொண்ணு செஞ்ச மிஷினு பச்சை காட்டுது, அதவிடவா உன் மூக்குன்னு அனுப்பிச்சுட்டேன்."

வழுக்கைத் தலைக்காரர் சிரிக்கவில்லை.

"அம்மா. அடுப்புக்கிட்டப் போகாத. அது வேலை செய்யாது. அது மாடல்மா!"

"ஆமா, அப்பா சொன்னாரே, புது மாடல்னு. தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லிட்டாரு."

"ஐயோ, உள்ள ஒண்ணுமே இல்லம்மா! வெளிய வா!"

"என்னது? மழையில ஒண்ணுங் கேக்க மாட்டீங்குது. இரு அம்மிணி, பாத்திரம் கழுவுன கையி, போனு நனையுது. மேசை மேல வெச்சுட்டுப் போயி பார்த்து சொல்றேன்."

"அம்மா, போகாத!"

போன் எதன் மேலோ உட்கார்ந்தது.

சமையலறை வாசலை ஒட்டித்தான் அந்த மேசை. அங்கிருந்து ஆறு எட்டு வைத்தால் அடுப்பு. அவளுக்குத் தெரியும்.

செருப்புச் சத்தம் நகர்ந்தது.

"பக்கத்து வீட்டு நம்பர் இருக்காம்மா?" மேடம் எழுந்து நின்று கேட்டாள். "அப்பா நம்பரச் சொல்லு, அப்பா நம்பர்!"

அவள் வாயில் எண் வரவில்லை. அம்மா, அம்மா என்று போனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தூரத்திலிருந்து குரல் வந்தது. பெருமை தாங்காத குரல்.

"பச்சைதான் அம்மிணி! இருட்டுல இன்னுமே அழகாத் தெரியுது!"

மழை.

"வந்ததே வந்துட்டேன், காப்பிக்குப் பாலை வெச்சுட்டு வந்தர்றேன்."

பாத்திரம் அடுப்பில் உட்காரும் சத்தம்.

லைட்டர் ஒரு தடவை சொடுக்கியது.

ஈரக் கை. அம்மாவுக்கு எப்போதுமே முதல் தடவையில் பொறி வராது.