வியாழக்கிழமை உப்புமா

"நோன்பு வச்சுக்கிட்டு பிள்ளைங்க சாப்பாட்ட எப்படிம்மா ருசி பாப்பீங்க? அத மட்டும் சொல்லுங்க."

கேட்டுவிட்டு விக்னேஷ்குமார் உட்காரவில்லை. மாநகராட்சிக் கூட்டத்தில் நின்றபடியே சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். கவுன்சிலராகி நாலு வருஷத்தில் இப்படி ஒரு பிடி அவருக்குக் கிடைத்ததே இல்லை.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடங்களில் கொடுக்கும் காலை உணவைக் கல்விக் குழுத் தலைவர் நேரில் போய்ச் சாப்பிட்டுப் பார்த்து, எப்படி இருக்கிறதென்று பதிவேட்டில் எழுத வேண்டும். தலைவர் கமர்ஜஹான். மாதமோ ரமலான். அந்தத் தலைவர் நாற்காலி மேல் விக்னேஷ்குமாருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண்.

கமர்ஜஹான் எழுந்தார். முஸ்லிம்கள் நிறைந்த பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் குடும்பத்து மருமகள், முப்பத்தைந்து வயது இருக்கும். எதற்கும் குரலை உயர்த்துகிற பழக்கம் கிடையாது.

"நோன்பு எனக்கும் அல்லாவுக்கும் உள்ளதுண்ணே. சாப்பாடு பிள்ளைங்களுக்கும் இந்தப் பதவிக்கும் உள்ளது. ரெண்டும் முட்டிக்காமப் பாத்துக்கிறது என் பாடு."

"அப்ப நாளைக்கே வாங்க, பாத்துருவோம்."

அந்த அம்மாள் செல்போனில் காலண்டரைத் திறந்தார். கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு ஏதோ எண்ணினார். நாளைக்கு வேண்டாம், அடுத்த வியாழக்கிழமை காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

விக்னேஷ்குமாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பயந்துபோய் நாளைக் கடத்துகிறார் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலிருந்து கட்சி ஆபீஸ் வரைக்கும் ஒரு வாரம் சொல்லித் திரிந்தார். அவருடைய கணக்கு சுலபமானது. சாப்பிடாவிட்டால், மதத்துக்காகக் கடமையைக் கைவிட்டவர் என்று பதவியைப் பறிக்கத் தீர்மானம். கையெழுத்துப் போட ஆட்கள் தயார். சாப்பிட்டாலோ, பதவிக்காக நோன்பை விட்டவர் என்று பேகம்பூரே திரும்பிக்கொள்ளும். சாமியை வீட்டோடு வைத்துவிட்டு ஆபீசுக்கு வருகிறேன் என்று எந்த அரசியல்வாதி சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். அவராலேயே முடியாததை இன்னொருவர் செய்துவிட முடியுமா என்ன?

வியாழக்கிழமை விடிந்தது. சாமி விளக்கை அவரே ஏற்றினார். நீங்களே ஏற்றிவிடுங்கள், திரிப் பெட்டி அலமாரியில் இருக்கிறதென்று மனைவி ஜீவிதா அடுப்படியிலிருந்தே சொன்னாள். காரியம் ஜெயமாக வேண்டுமென்று பழனி முருகனை வேண்டிக்கொண்டு, முழுசாக சார்ஜ் ஏற்றிய செல்போனுடன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்.

கமர்ஜஹான் அவருக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, தட்டை நீட்டி ரவை உப்புமாவும் சாம்பாரும் வாங்கிக்கொண்டார். விக்னேஷ்குமார் வீடியோவை ஓடவிட்டு முகத்துக்கு நேராகப் பிடித்தார். ஒரு வாய் தொட்டு வைப்பார், இல்லையென்றால் எழுந்து ஓடுவார் என்று பார்த்தால், அந்த அம்மாள் நிதானமாகப் பிசைந்து தட்டைக் காலி செய்தார். அதோடு விடாமல் இன்னும் ஒரு கரண்டி சாம்பார் கேட்டு வாங்கிக் குடித்தார். சமையல்காரம்மாவைக் கூப்பிட்டு, பருப்பு பத்தவில்லை, நாளையிலிருந்து கூடப் போட வேண்டும் என்றார். அதையே பதிவேட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

போகிறபோது விக்னேஷ்குமார் பக்கம் திரும்பினார். "வீடியோ நல்லா வந்துருக்காண்ணே?"

என்ன நெஞ்சழுத்தம் என்று விக்னேஷ்குமார் அசந்துதான் போனார். ஆனாலும் பத்து மணிக்குள் வீடியோவை ஃபேஸ்புக்கில் ஏற்றிவிட்டார். 'பதவிக்காக நோன்பைத் தின்றவர்' என்று தலைப்பும் போட்டார். பிறகு சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பேகம்பூர் கொதிப்பதற்காகக் காத்திருந்தார்.

பேகம்பூர் கொதிக்கவில்லை. பதினோராயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவர்கூட அந்த அம்மாளைத் திட்டவில்லை. கீழே சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுந்தன. போட்டவர்கள் அத்தனை பேரும் பெண்கள். அதில் பாதி அவருடைய சொந்த வார்டு.

மனசு கேட்காமல் பேகம்பூர் ஜமாஅத் தலைவர் சௌகத் அலிக்கே போன் போட்டார். எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், அன்று ரெண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

"பாத்தேன் தம்பி. மொதல்ல அத எடுத்துருங்க. இம்புட்டுத்தான் நான் சொல்ல முடியும்."

லைன் கட்டாகிவிட்டது. விக்னேஷ்குமார் வீடியோவை இன்னொரு தரம் முழுசாக ஓடவிட்டுப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால், ஜீவிதா தன் செல்போனோடு வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. கோபமா, வெட்கமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏங்க, காலைல சாமி விளக்க எதுக்கு உங்கள ஏத்தச் சொன்னேன்?"

"இது என்ன கேள்வி? மாசாமாசம் அந்த நாலு நாளு நீ சாமி ரூமுக்கு வரமாட்டியே."

"அவங்களுக்கும் அந்த நாள்ல நோன்பு கிடையாதுங்க."

கூட்டத்தில் கமர்ஜஹான் காலண்டரைப் பார்த்து எதை விரல்விட்டு எண்ணினார் என்பது, பதினோராயிரம் பேருக்கும் பிறகு, கடைசி ஆளாக விக்னேஷ்குமாருக்கு விளங்கியது.