பாரத்தோடு ஒரு வெள்ளோட்டம்

“பிக்கப்தான் வேணும்” என்றாள் மனைவி.

“ஜீப்தான்” என்றான் கணவன். “பிக்கப்புல தினம் போனா என் முதுகெலும்பைப் பொறுக்கி எடுத்துத்தான் சேக்கணும்.”

“ஜீப்புல என்னத்த ஏத்துவீங்க? உங்க கௌரவத்தையா?”

இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் நின்ற விற்பனையாளன் தலையைச் சொறிந்தான். பிக்கப்பைப் புகழ்ந்தால் கணவன் முகம் கோணுகிறது. ஜீப்பைப் புகழ்ந்தால் மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்க்கிறாள். இந்த முடிச்சை எந்தப் பக்கம் இழுத்து அவிழ்ப்பது என்றே அவனுக்குப் பிடிபடவில்லை.

எதையும் விளக்கோ விளக்கென்று விளக்குவதால் ஷோரூமில் அவனுக்கு ‘விளக்கெண்ணெய்’ என்று பட்டப்பெயர். அவன் விளக்கி முடிப்பதற்குள் வாடிக்கையாளர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். இந்த மாதமும் ஒரு வண்டி விற்காவிட்டால் மறுபடி உதிரிபாகக் கிடங்குதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அங்கே அவன் பேச்சைக் கேட்க நட்டும் போல்ட்டும்தான் இருக்கும்.

“ஓட்டிப் பாத்துடலாமே மேடம்” என்றான்.

“தார் ரோட்டுல ஓட்டினா என்ன சார் தெரியும்? எங்களுக்குக் குன்று மேல போகணும். மண் ரோடு, மழை பெஞ்சு ஒரே சேறு. ஏறுமா?”

அவன் கண்ணில் விளக்கு எரிந்தது. “பிக்கப் ஏறும் மேடம். ஆனா காலியா ஏறாது!”

கணவனும் மனைவியும் முதல்முறையாகச் சண்டையை நிறுத்தினார்கள்.

“இழுக்கறது பின்சக்கரம். பின்னாடி பாரம் இல்லேன்னா அது தரையை அழுத்தாது, சேத்துல சும்மா சுத்தும். பாரம் வச்சுப் பாருங்க, பல்லி மாதிரி பிடிச்சுக்கிட்டு ஏறும். வீட்ல கனமா ஏதாவது இருக்கா?”

“பீரோ இருக்கு. ஃபிரிட்ஜ் இருக்கு” என்றாள் மனைவி. “போதுமா?”

“கட்டிலும் இருந்தா உத்தமம்.”

கட்டிலும் இருந்தது. பிக்கப்பை அவர்கள் வீட்டுக்கே ஓட்டிப்போய், பீரோவின் ஒரு முனையை விற்பனையாளனே பிடித்துத் தூக்கினான். “பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால வைங்க சார். ரொம்பப் பின்னாடி போனா முன்சக்கரம் லேசாயிடும், ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்காது.” கணவன் மூச்சு வாங்கியபடி தலையாட்டினான்.

பிக்கப் சொன்னபடியே ஏறியது. உச்சியில் மனைவி கைகாட்டிய ஒரு வீட்டு வாசலில் விற்பனையாளன் நிறுத்தினான். “இப்ப சாமானை இறக்கிடணும். காலியா இறங்கறப்ப எப்படின்னும் பாக்கணும் இல்லையா?”

“கண்டிப்பா பாக்கணும்” என்றாள் மனைவி. “இது தெரிஞ்ச வீடுதான் சார், உள்ளயே வச்சுடலாம். பீரோவை மட்டும் ஜன்னலை மறைக்காம வைங்க.”

இறங்கும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் கணவன் ஒரு ‘ஐயோ’ போட்டான். “பாத்தியா, தூக்கித் தூக்கிப் போடுது! நான் அப்பவே சொன்னேன்ல?”

“அது ஸ்பிரிங் பட்டை சார், பாரம் தாங்கறதுக்குன்னு விறைப்பா வச்சது. ஜீப்புக்கு நாலு பக்கமும் சுருள் ஸ்பிரிங். நாலு சக்கரமும் இழுக்கும். ஒண்ணு பள்ளத்துல விழுந்தா மத்தது தூக்கிவிடும். தண்ணி தளும்பாது.”

“சொல்லுவீங்க” என்று உதட்டைப் பிதுக்கினாள் மனைவி.

விளக்கெண்ணெய்க்கு ரோஷம் வந்துவிட்டது. “தளும்பற சாமான், உடையற சாமான் எது வேணா கொண்டு வாங்க மேடம்!”

ஜீப்பைக் கொண்டுவந்து அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தினான். மீன்தொட்டி வந்தது. நிலைக்கண்ணாடி வந்தது. பின்சீட்டில் மாமியார் ஏறி உட்கார, மடியில் மீன்தொட்டி, காலடியில் பாத்திர மூட்டை.

“அத்தை, கெட்டியா பிடிச்சுக்கங்க.”

“நான் பிடிச்சுக்கறது இருக்கட்டும்டி, மீனு எதைப் பிடிச்சுக்கும்?”

ஜீப் யானை நடப்பதுபோல் சேற்றில் அசைந்து ஏறியது. உச்சியில் இறங்கியதும் மாமியார் புடவையைத் தடவிப் பார்த்தார். “ஒரு சொட்டு நனையல தம்பி. உங்க கை நல்லா இருக்கணும்.”

அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. சாமான்களை உள்ளே வைத்துவிட்டு, “எதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?” என்று ஆவலோடு கேட்டான்.

“ரெண்டுமே பிரமாதம்” என்றான் கணவன். “அதான் சார் சிக்கலே. கொஞ்சம் யோசிக்கணும்.”

விளக்கெண்ணெயின் முகம் தொங்கிப்போனது. கிடங்கின் இருட்டு கண்ணில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து நாற்றுப்பண்ணைக்காரர் வேலியைத் தாண்டி ஓடி வந்தார்.

“காலையில பீரோவோட ஒரு வண்டி ஏறுச்சே, அது உங்களுதா? இந்த வளைவைப் பாத்தாலே லாரிக்காரன் எல்லாம் கீழேயே கும்பிடு போட்டுட்டுத் திரும்பிடறான். ஒரு கூடை எருவைக்கூட நான் தலையிலதான் சுமக்கறேன். எனக்கு அந்த பிக்கப் ஒண்ணு வேணுமே!”

“பாரம் இருந்தாத்தான் ஏறும் சார்…” என்று ஆரம்பித்தான்.

“பாரத்துக்கா பஞ்சம்? மண்ணும் எருவும் மலையா ஏத்தணும். நாளைக்கே வந்து முன்பணம் கட்டறேன்.”

விளக்க எதுவுமே மிச்சமில்லாமல் ஒரு வண்டி விற்றுப்போனது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சீட்டியடித்தபடி ஜீப்பில் ஏறி, இன்ஜினை முடுக்கி, கண்ணாடியை இறக்கினான்.

ஜன்னலை மறைக்காமல் வைத்த பீரோவுக்குப் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் கணீரென்று கேட்டது.

“ஏங்க, சாமான் எல்லாம் வந்தாச்சு, அந்த ஜீப்லயே கீழ போய் பழைய வீட்டுச் சாவியை ஓனர்கிட்ட குடுத்துட்டு வந்துடுங்க!”